பினாங்கில் பழைய பேப்பர் லோரியைத் தேடி

சென்னையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன் நான். பதினெட்டு வருஷமாக மற்றவர்களின் எழுத்துப் பிழையைத் திருத்திப் பிழைக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு ஸ்கேனரை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பினாங்கில் போய் இறங்கியதற்குக் காரணம், ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கத்தின் மாடியறையில் இருந்த அலமாரி.

அந்த அலமாரியைப் பற்றி எனக்கு எழுதியவர் பினாங்கிலேயே இருக்கும் ஸ்டெல்லா அக்கா. அவரையும் சேர்த்து நாங்கள் எட்டுப் பேர், எட்டு ஊரில் இருக்கிறவர்கள், பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தட்டெழுதி யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் கனடாவில் டாக்சி ஓட்டுகிறவர். ஒருவர் ஜெர்மனியில் மருத்துவமனைச் சமையல்காரர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. நான் அனுப்புகிற பக்கம் மற்றவர் கணினியில் கொக்கியும் கேள்விக்குறியுமாகப் போய் விழும். அதைச் சரிசெய்வதிலேயே பாதி ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பினாங்கிலேயே அச்சாகி, பினாங்கிலேயே நின்றுபோன ஒரு தமிழ் வாரத்தாள் முப்பத்தெட்டுத் தொகுதிகளாக பைண்டு செய்யப்பட்டு அந்த அலமாரியில் இருந்தது. வேறு எங்கேயும் முழுசாக இல்லை. நான் சென்னையில் விசாரிக்காத நூலகமில்லை. கப்பல் வரவு, அரிசி விலை, கோயில் சண்டை எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி வாராவாரம் வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து, சொந்தபந்தம் இல்லாமல் செத்துப்போனவர்களின் பெயர், ஊர், அப்பன் பெயர். அந்த ஆட்கள் இந்த உலகத்தில் இருந்தார்கள் என்பதற்கு வேறு காகிதம் கிடையாது. ஸ்டெல்லா அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அங்கே போய், பதினைந்து பக்கத்தைக் கையால் எழுதி வந்து தட்டெழுதியிருந்தார். அதை எங்கள் தளத்தில் போட்டோம். மீதியை ஒரேயடியாக ஸ்கேன் செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. எட்டுப் பேரில் பழைய அச்செழுத்துப் பழக்கம் உள்ளவனும், முதலாளியிடம் கெஞ்சினால் விடுப்புக் கிடைக்கக்கூடியவனும் நான்தான். சங்கத் தலைவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். தாராளமாக வாருங்கள் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லா அக்கா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லியான தேகம், கழுத்தில் சின்னச் சிலுவை. பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்து அதே நீல அங்கியோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் ஸ்கேனரைத்தான் விசாரித்தார்.

விசாரித்ததில் அர்த்தம் இருந்தது. வீட்டுக்குப் போய் மின்சாரம் கொடுத்ததும் ஸ்கேனர் கறக் கறக் என்று பல்லைக் கடித்தது. உள்ளே விளக்கைச் சுமந்து நகரும் பகுதியைப் பயணத்தின்போது ஒரு திருகால் பூட்டிவைக்க வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே அப்படிப் போட்டிருக்கிறது. நான் பூட்டவில்லை. ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும், கையேட்டின் முதல் பக்கம் படாது. எனக்கு என்மேலேயே வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அக்கா ஸ்கேனரின் கண்ணாடியைக் கழற்றி, சாமணத்தால் உள்ளே பிய்ந்து தொங்கிய பட்டையை எடுத்து மாட்டி, விட்டுப்போன ஒரு கம்பியைப் பற்றவைத்து, பதினைந்து நிமிஷத்தில் மூடினார். தன் லைனில் ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ பார்ப்பதாகச் சொன்னார். பிறகு என்னைச் சாப்பிட அழைத்துப்போனார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார். தட்டில் சோறு, அதன்மேல் மீன், வெண்டைக்காய், ஆட்டுக்கறி என்று கேட்டதை வைத்து, நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுகிறார்கள். சென்னையில் சாம்பாரும் ரசமும் தட்டில் ஒன்றோடொன்று சேர்ந்தால் முகம் சுளிக்கிற ஆள் நான். இங்கே 'பஞ்ஜிர்' என்று சொன்னால் போதும், வெள்ளமாக ஊற்றித் தருவார்கள் என்று அக்கா சொல்லிக்கொடுத்தார். சொன்னேன். வெள்ளமாகத்தான் வந்தது. அன்றைக்கு அந்த ஊர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த நாள் மதியம் வரைக்கும் பிடித்திருந்தது.

புதன்கிழமை சங்கத்துக்குப் போனோம். அக்கா ஒருநாள் விடுப்புப் போட்டிருந்தார். மாடிப்படி ஏறும்போதே புதுப் பெயின்ட் வாசனை. அறைக்குள் அலமாரி இல்லை. சுவரோரமாகப் பன்னிரண்டு புதுக் கணினிகள், பிளாஸ்டிக் உறை கழற்றாமல், வரிசையாக மேசைமேல் இருந்தன. ஒரு வியாபாரி நன்கொடையாகக் கொடுத்தவை என்று சுவரில் எழுதியிருந்தது.

தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மிருதுவான குரல். கணினி வகுப்பு தொடங்கப்போவதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். நான் குறுக்கிட்டு, அலமாரியை எங்கே மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் எடுத்துப் போட்டாச்சு தம்பி. போன திங்கட்கிழமை பேப்பர் லாமா லோரி வந்துச்சு, ஏத்தி விட்டோம். கரையான் வேற."

பேப்பர் லாமா என்றால் பழைய பேப்பர். தெருத் தெருவாக ஒலிபெருக்கி வைத்துக் கூவிக்கொண்டு வருகிற லோரி. அதை அக்கா எனக்கு மெல்லிய குரலில் விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போது அவர் முகம் வெளிறியிருந்தது.

நான் வருவது உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். தெரியும் என்றார். எனக்காக மேசையெல்லாம் ஒழித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு ஒரு கோப்பைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார். ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"நீங்கதானே எழுதியிருக்கிங்க. ஒரு அலமாரி தாளை ஒரு சின்ன வட்டுல அடக்கிடலாம், இடம் அடைக்காது, என்னைக்கும் அழியாதுன்னு. கமிட்டியில இதைத்தான் வாசிச்சோம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"நான் இன்னும் எடுக்கவே இல்லையேங்க ஐயா."

"இன்டர்னெட்ல இருக்குதுலா." கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் தளத்தின் பக்கம்தான். வாரத்தாளின் பெயர், அதன் கீழே ஸ்டெல்லா அக்கா தட்டெழுதிய பதினைந்து பக்கங்களில் முதல் பக்கம். அவர்கள் அச்சடித்துக் கோப்பில் வைத்திருந்தார்கள். தலைப்பைப் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. பதினைந்து பக்கம், பதினைந்தே பக்கம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக அக்கா பிறகு சொன்னார். தலைவர் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். கோபக்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வருத்தப்படாதீர்கள், இனி எல்லாமே கணினியில்தான் என்றார்.

அந்த வாக்கியத்தை என் வாயால் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அச்சகத்தில், நூலகங்களில், கல்யாண வீட்டில்கூட. இடம் அடைக்காது, அழியாது. அவ்வளவு நம்பிக்கையோடு எழுதியவன், "நாங்கள் எடுத்து முடிக்கும்வரை தொடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதவில்லை. முப்பத்தெட்டுத் தொகுதியையும் லோரியில் ஏற்றச் சொன்னது என் கடிதம்தான். தலைவர்மேல் வந்த கோபத்தில் பாதி நியாயமாக எனக்குச் சேரவேண்டியது. அந்தப் பாதியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். மற்றப் பாதியை அவருக்கு விட்டுத்தரவும் மாட்டேன்.

படியில் இறங்கும்போது, கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அக்காவை நிறுத்தினார். பெயர் லெட்சுமி. மூட்டைகளைக் கீழே இறக்கிக் கொடுத்ததே அவர்தான். ஐயா, இதையெல்லாமா போடுறீங்க என்று கேட்டாராம். போடச் சொன்னார்களாம். அந்த லோரிக்காரன் சனிக்கிழமைதோறும் தங்கள் அடுக்குமாடி வீட்டுப் பக்கம் வருவான், கேட்டால் எங்கே கொண்டுபோனான் என்று சொல்வான் என்றார். அந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.

சனிக்கிழமைக்கு இரண்டு முழுநாள் இருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அக்காவுக்கு வேலை. இந்தப் பக்கமுள்ள பழைய பேப்பர் கடைகளை நான் ஒவ்வொன்றாக விசாரித்திருக்கலாம். மலாய் தெரியாது, ஊர் தெரியாது, எப்படியும் சனிக்கிழமை ஆள் கிடைத்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துறைமுகப் பக்கம் நடந்தேன். வெல்ட் கீ கரையில் நின்று படகுத்துறையைப் பார்த்தேன். மூட்டை தூக்கியவர்கள் நின்ற இடத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு வழிகாட்டும் பலகை இருந்தது.

பசித்தால் நாசி லெமாக் வாங்குவேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சம்பல், பாதி முட்டை. வாழையிலையில் வைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்ததும் சாப்பாட்டுக்கு முன் தாளைப் பார்த்தேன். சீனம், மலாய், ஆங்கிலம். ஒரு தடவை தமிழ் வந்தது. போன மாசத்துச் செய்தித்தாள், சினிமாப் பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து தே தாரே என்கிற ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என்ன தம்பி, பேப்பர் படிக்கவா நாசி லெமாக் வாங்குறிங்க என்று கேட்டார்.

நம்மூரைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொள்ளவும் வழியில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு நூலகத்தில் பழைய இதழைப் பார்க்க மூன்று கடிதம் வேண்டும். மூன்றையும் கொண்டுபோனால் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் கரையான் தன் வேலையை முடித்திருக்கும். அங்கே பூட்டி வைத்து அழிக்கிறார்கள், இங்கே திறந்துவிட்டு அழித்தார்கள். எங்கள் அச்சகத்திலேயே பழைய பதிப்புகளைக் கூழாக்க அனுப்பியபோது நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று எனக்கு வராத கோபம் கடல் தாண்டி வந்த பிறகு வந்தது.

சனிக்கிழமை காலை லெட்சுமி அம்மாவின் அடுக்குமாடி வீட்டு வாசலில் காத்திருந்தோம். ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. ஒரே வாக்கியம் மலாயிலும் சீனத்திலும் மாறி மாறி. லோரிக்காரர் ஓர் இளம் சீனர். அக்கா மலாயில் பேசினார். சங்கத்துப் பேப்பரா, தடியான புத்தகங்களா, ஞாபகமிருக்கிறது என்றார். பட்டர்வொர்த்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் இறக்கினாராம். வழியை அக்காவின் உள்ளங்கையில் பேனாவால் வரைந்து காட்டினார்.

அக்காவின் சின்ன மோட்டார் சைக்கிளிலேயே ஃபெர்ரியில் ஏறினோம். கடலைக் கடக்க இருபது நிமிஷம். எல்லாரும் கம்பிப் பக்கம் நின்று காற்று வாங்கினார்கள். நான் அந்த இருபது நிமிஷத்தையும் கடிகாரத்தில் பார்த்தேன். பட்டர்வொர்த்தில் இறங்கி இரண்டு மைல் போவதற்குள் பின் சக்கரத்தில் ஆணி. மழையும் பிடித்துக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தோம். அங்கிருந்த மலாய்க்காரர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, இந்த மழையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பழைய பேப்பர் வாங்க என்று அக்கா சொன்னார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விற்கத்தானே போவார்கள் என்றார்.

கிடங்கு ஒரு தகரக் கொட்டகை. மலைபோல் காகிதம். உரிமையாளர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன அம்மா, ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். எல்லாரும் அவரைத் தவுக்கே என்று கூப்பிட்டார்கள். முதலாளி என்று அர்த்தம். அக்கா விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு மலாயில் மெதுவாகப் பதில் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை ஆலைக்குப் போயிருச்சாம் தம்பி. ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா இருந்திருக்கும்."

வியாழக்கிழமை நான் துறைமுகக் கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நாள்.

தவுக்கே அம்மா எங்களைக் கொட்டகையின் பின்பக்கம் அழைத்துப்போனார். தடித்த அட்டையும் துணியும் ஆலை இயந்திரத்துக்கு ஆகாதாம். அதனால் பைண்டு செய்த புத்தகம் வந்தால் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுத் தாளை மட்டும் அனுப்புவார்கள். அந்த வேலை செய்கிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் முழுசும் முடியவில்லை. ஒரு மூலையில் ஏழு தொகுதி கிழிக்காமல் இருந்தன. அவற்றின் பக்கத்தில் வெறும் அட்டைகள், குவியலாக. கறுப்புத் துணி, முதுகில் தங்க எழுத்தில் வாரத்தாளின் பெயரும் வருஷமும். உள்ளே ஒன்றுமில்லை. நான் ஈரத்தரையில் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்று.

அக்கா என் தோளைத் தொட்டு எழுந்திருக்கச் சொன்னார். ஏழையும் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம் என்று தவுக்கே அம்மா சொன்னார். அட்டைகளையும் தருவீர்களா என்று கேட்கச் சொன்னேன். எதற்கு என்றார். காரணம் எனக்கே தெரியாது. அவர் ஒரு தார்ப்பாயைக் கொடுத்து, தன் வேனிலேயே ஃபெர்ரித் துறைவரை கொண்டுவிடச் சொன்னார். கிளம்பும்போது அக்காவிடம் ஏதோ சொன்னார். பிறகு கேட்டேன். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் இப்படித் தேடிக்கொண்டு வருவார்களாம். எல்லாரும் லோரி போன பிறகுதான் வருவார்களாம்.

அடுத்த ஒரு வாரம் அக்காவின் வீட்டு முன்னறையிலேயே கழிந்தது. தாள் அப்பளம்போல் நொறுங்கியது. மின்விசிறி போட்டால் ஓரம் பறக்கும். ஆகவே விசிறியில்லாமல் வியர்த்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவேன். பக்கம் ஸ்கேனரைவிடப் பெரியது, மேல்பாதி ஒரு தடவை, கீழ்ப்பாதி ஒரு தடவை. பாதிக்கு இரண்டு நிமிஷம். அக்கா வேலைக்குப் போய்விட்டு வந்து மாற்றிவிடுவார். வழியில் மீ கோரெங்கோ ரொட்டி சானாயோ கட்டி வாங்கி வருவார். எண்ணெய்க் கையோடு தாளைத் தொடக் கூடாது என்று நானும், சாப்பிடாமல் உட்கார்ந்தால் ஸ்கேனரைப் பூட்டிவிடுவேன் என்று அவரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

கடைசிப் பக்கத்துப் பத்தி வரும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஒருவன் நாகப்பட்டணத்துக்காரன், அரிசி மூட்டை சரிந்து செத்திருக்கிறான். ஒருவனுக்கு ஊர் தெரியவில்லை, கையில் பச்சை குத்தியிருந்த பெயரை மட்டும் போட்டிருக்கிறார்கள். உறவினர் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் இருந்தது. ஏழு வருஷத்துக்கு அவர்கள் கிடைத்தார்கள். முப்பத்தொரு வருஷத்து ஆட்களை இரண்டாம் தடவையும் சாகடித்தாயிற்று.

நான் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது இரண்டு தொகுதிதான் முடிந்திருந்தது. மீதி அக்காவின் தலையில். அப்போது தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கணினி வகுப்புத் திறப்பு விழாவாம். சென்னையிலிருந்து வந்தவர் என்பதால் நான்தான் சிறப்பு விருந்தினராம். நடந்தது எதுவும் அவர் மனசில் ஒரு கீறலும் போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"போவோம் தம்பி. அட்டைங்களையும் கொண்டு போவோம்."

அறையில் அறுபது பேர் இருந்தார்கள். ரிப்பன், கத்தரிக்கோல், தட்டில் பலகாரம், ரோஜா நிறத்தில் சர்பத். தலைவர் என்னை அறிமுகப்படுத்தி, தமிழைக் கணினியில் ஏற்றிய தம்பி என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து, அட்டைகளைக் கட்டிக் கொண்டுபோயிருந்த இரண்டு சாக்கையும் அவிழ்த்தேன். ஒவ்வொரு கணினிக்கு முன்னாலும் இரண்டு இரண்டு அட்டையாகத் திறந்து வைத்தேன். மீதியைத் தலைவர் முன்னால் இருந்த மேசையில் அடுக்கினேன். வைக்க வைக்க அறையில் சத்தம் குறைந்தது. கடைசி அட்டையை வைக்கும்போது யாரோ ஒருவர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

நடந்ததை அப்படியே சொன்னேன். என் கடிதத்தில் நான் எழுதிய வாக்கியத்தையும் சொன்னேன், எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அட்டை முதுகில் இருந்த வருஷங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். இந்த வருஷத்தில் செத்தவர்கள் இல்லை, இந்த வருஷத்தில் செத்தவர்கள் இல்லை என்று முப்பத்தொரு தடவை. இந்தக் கணினிகளில் என்ன வைக்கப் போகிறீர்கள், வைப்பதற்கு இருந்ததைத்தான் கூழாக்கிவிட்டீர்களே என்று கேட்டு உட்கார்ந்தேன்.

யாரும் கைதட்டவில்லை. தலைவரின் முகம் சிவந்தது. சபையில் இப்படிப் பேசுவது நாகரிகமில்லை என்று மட்டும் சொன்னார். பிறகு ரிப்பனைத் தானே வெட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, நான் ஊர் திரும்பிய பிறகும் வரவில்லை. கமிட்டியில் ஒருவர் வந்து, அட்டைகளைத் திரும்ப எடுத்துப் போய்விடுவீர்கள்தானே என்று கேட்டார். இடம் வேண்டுமாம்.

வாசலில் ஓர் அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது, கைத்தறிச் சேலை, கையில் குடை. பரமேஸ்வரி என்று பெயர். கெப்பாலா பத்தாஸில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். பூர்வீகம் யாழ்ப்பாணம்.

"அப்பா ஹார்பர் ஆபீஸ்ல எழுத்து வேலை, கிராணியா இருந்தாரு. அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் பேர் எழுதிக் குடுத்ததே அவருதான். வீட்டுல பேப்பர் கொஞ்சம் கட்டி வச்சிருக்கார். வந்து பாக்கிறிங்களா?"

செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு வாடகைக் கார் ஏற்பாடு செய்து, தன் கணினியைப் பிரித்துப் பின்சீட்டில் ஏற்றினார். மானிட்டரை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேனரின் பயணத் திருகை இரண்டு பேரும் தனித்தனியாகச் சரிபார்த்தோம். கெப்பாலா பத்தாஸ் சாலையில் இரண்டு பக்கமும் வயல். வண்டிக்காரர் ஒரு தடவை வழி தவறி வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்தி, பின்னோக்கியே அரை மைல் ஓட்டினார்.

டீச்சர் ஓர் இரும்புப் பீரோவைத் திறந்தார். வருஷ வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் காக்கித் தாள் உறை. பதினொரு கட்டு. அட்டைகளின் வருஷங்களை எழுதிவைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். அதில் ஒன்பது, நாங்கள் இழந்த முப்பத்தொன்றில் உள்ளவை. கட்டை அவிழ்த்தால் கடைசிப் பக்க ஓரமெல்லாம் பொடி எழுத்தில் நீல மசி. அச்சில் தவறிப்போன பெயர்களை அந்தக் கிராணி ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தார். காத்தானைக் காத்தமுத்து என்று. திருத்துறைப்பூண்டியைத் திருப்பூண்டி என்று. சங்கத்து அலமாரியில் இருந்த பிரதி முழுசாகத் தப்பியிருந்தாலும் இந்தத் திருத்தங்கள் அதில் இருந்திருக்காது. எனக்கு அந்த வீட்டில்தான் முதல்முறை கண்ணீர் வந்தது. அதை டீச்சர் பார்த்துவிட்டு, மின்விசிறியை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார்.

முதல் கட்டைத் தொடங்கினோம். நாலைந்து பக்கம் ஓடியதும் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிருச்சுன்னா, அப்புறம் இந்தக் கட்டை என்ன செய்யறது தம்பி?"

"ஒண்ணும் செய்யாதிங்க டீச்சர். யார் கேட்டாலும் குடுக்காதிங்க. எடுத்த மாதிரியே கட்டி அதே பீரோவுல வச்சிருங்க. நாங்களே கடிதம் எழுதிக் கேட்டாலும் குடுக்காதிங்க."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா அக்கா திரும்பிப் பார்த்தார். டீச்சர் கோபப்படவில்லை. நாற்பது வருஷமாக வைத்திருக்கிறவளுக்குப் போடத் தெரியாது, கேட்டதற்கு வேறு காரணம் இருக்கிறது என்றார். முதல்நாள் மாலை தலைவர் அவருக்குத் தொலைபேசி செய்திருக்கிறார். கணினி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்களாம். அதில் வைக்க இந்தக் கட்டுகளைச் சங்கத்துக்கு நன்கொடையாகத் தர முடியுமா என்று கேட்டாராம். பெட்டியின்மேல் டீச்சர் பெயரும் போடுவார்களாம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அக்கா கேட்டார்.

"உங்க ரூம்ல பன்னெண்டு கம்ப்யூட்டர் இருக்குதே, அதுல தேடிப் பாருங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் டீச்சர்.

அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன். மாலைக்குள் அந்த வருஷத்தில் பாதி முடிந்தது.